தடித்த வட்டமுனைத் தமிழ் எழுத்துரு: முனையை உருட்டியதும் எ-யும் ஏ-யும் ஏன் ஒன்றாகிவிடுகின்றன?

பதிவு 1 · சுழியம்

கையில் இருப்பது தடித்த சான்ஸ் செரிஃப் தமிழ் எழுத்துரு. எம் சதுரம் (எழுத்தை வரையும் கட்டம்) 1000 அலகு. ப-வின் உயரம் 560. நிற்கும் கோட்டின் தடிமன் 150. இதை வட்டமுனையாக மாற்ற வேண்டும். சிறுவர் பாட அட்டைகளின் தலைப்பு, செயலியின் பொத்தான்கள், மரப்பலகையில் குடையும் பெயர்கள், இந்த மூன்றுக்கும் இதுவே பயன்பட வேண்டும்.

எழுத்துரு வரையும் கிளிஃப்ஸ் மென்பொருளில் ‘ரவுண்ட் கார்னர்’ வடிகட்டியை 75-இல் வைத்து ஓட்டினால் கிடைப்பது இது:

ஏ-யின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கால் மொட்டையாகிவிடுகிறது. எ போலவே தெரிகிறது. ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் இல்லை. ‘காரம்’ என்ற சொல்லில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே உருவம். இரட்டைக்கொம்பின் மேல்சுழி அடைந்துவிடுகிறது. ப-வும் ட-வும் மற்ற எழுத்துகளைவிடக் குள்ளமாகத் தெரிகின்றன, ஆனால் அளந்தால் அதே 560. ண ஒரு கருந்திட்டு.

ஆரத்தைக் குறைத்தால் போதுமா, வரைந்ததையே மாற்ற வேண்டுமா?

பதிவு 2 · நுனிவட்டம்

வரைந்ததை மாற்றத்தான் வேண்டும். ஏன் என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம்.

சதுரமுனை எழுத்துருவில் ஏ-யின் கால், தண்டின் விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ 90 அலகுதான் நீண்டிருக்கும். அங்கே கூர்மையான இரண்டு மூலைகள் இருப்பதால் அந்த 90 போதும். கண் மூலையைப் பிடித்துக்கொள்ளும். 75 ஆரத்தில் உருட்டியதும் நேர்விளிம்பாக மிஞ்சுவது 15 அலகு. மீதி எல்லாம் தண்டின் உருண்டையோடு கலந்துவிடும். ர-விலும் நடப்பது இதேதான். வடிகட்டிக்கு எந்த மூலை அழகுக்காக இருக்கிறது, எந்த மூலை எழுத்தை எழுத்தாக்குகிறது என்று தெரியாது.

வட்டமுனையில் இந்தக் கால்கள் தண்டைத் தாண்டி நீள வேண்டிய அளவு கோட்டுத்தடிமனின் 1.2 மடங்கு. உங்கள் 150-க்கு 180. அவ்வளவு நீட்டினால் கால் பூசணிக்காய்க் காம்பு போல் கனத்துவிடும் என்பதால், காலை மட்டும் 120–125 தடிமனுக்கு இறக்குங்கள். சாய்வு 35 முதல் 45 பாகைக்குள் இருக்கட்டும். அதைவிடச் செங்குத்தாகப் போனால் தண்டின் நீட்சியாகவே தெரியும். படுத்துவிட்டால் அடுத்த எழுத்தின் இடத்தில் போய் நிற்கும். ர-வில் கால் அடிக்கோட்டுக்குக் கீழே குறைந்தது 110 அலகாவது இறங்கட்டும். துணைக்கால் அடிக்கோட்டிலேயே நிற்கும். அந்த இறக்கம்தான் படிப்பவருக்கு அடையாளம்.

குள்ளமாகத் தெரிவதற்குக் காரணம் ஓவர்ஷூட் இல்லாதது, அதாவது உருண்ட நுனியை உயரக்கோட்டுக்குச் சற்று வெளியே தள்ளாமல் விட்டது. அரைவட்ட முனையில் கோடு தன் முழு அகலத்தை அடைவதே நுனியிலிருந்து 75 அலகு கீழேதான். நுனியின் ஒற்றைப் புள்ளியைக் கண் உயரமாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே ப, ட, ய, ம போன்றவற்றின் மேல்நுனிகளை 560-க்கு மேல் 10–14 அலகு ஏற்றுங்கள். ப-வின் அடி தட்டையாக ஓடுவதால் அது 0-விலேயே இருக்கலாம். ஒ, ண, வ போன்ற வளைந்த அடிகளுக்கு −12. எல்லாவற்றுக்கும் ஒரே எண் போடாதீர்கள். ட-வின் ஒற்றை நுனிக்கு ப-வின் இரட்டை நுனியைவிட 2–3 அலகு கூடுதலாகத் தேவைப்படும். தனியாக நிற்கும் நுனி இன்னும் குட்டையாகத் தெரியும்.

இன்னொன்று. உண்மையான அரைவட்டம் தடித்த கோட்டில் நன்றாக இருக்காது. 75 ஆரத்துக்குச் சரியான வட்டம் வேண்டுமென்றால் வளைவுக் கைப்பிடியின் (வளைவை இழுத்து வடிவமைக்கும் கோட்டின்) நீளம் 41 (ஆரத்தின் 0.5523 பங்கு). அதை 47–48 ஆக்கிப் பாருங்கள். முனை கொஞ்சம் தோள் பெறும், கொழுக்கட்டைத்தனம் போகும், கோடும் நீளமாகத் தெரியும். 52-ஐத் தாண்டினால் சதுரத்தை நோக்கிப் போய்விடும்.

பதிவு 3 · அச்சுமை

நுனிவட்டம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘வட்டமுனை’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இரண்டு வேறு சாதிகள் உண்டு.

ஒன்று முழுமுனை: கோட்டின் பாதி அகலமே ஆரம், நுனி முழுக்க உருண்டை. மற்றது மென்மூலை: ஆரம் 30–40, நுனியில் தட்டைப் பகுதி மிஞ்சும். முதலாவது விளையாட்டுத்தனமாகப் பேசும், பெரிய அளவில்தான் பலிக்கும். இரண்டாவது அடக்கமானது, நடுத்தர அளவிலும் தாங்கும். பொத்தானுக்கும் குடைந்த பலகைக்கும் ஒரே வெட்டு வேண்டும் என்றால் இந்த இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் எல்லா நீட்சிகளையும் மறுபடி அளக்க வேண்டிவரும்.

இந்த வடிவம் கருவியிலிருந்து வந்தது. சுழலும் வெட்டுமுனையால் பெயர்ப்பலகை செதுக்கினால் கோட்டின் நுனி தானாகவே உருளும். தொழில்நுட்பப் பேனாவால் வரைபடத்தில் எழுதினாலும் அப்படியே. ஐ.எஸ்.ஓ. 3098 தரத்தின் பி வகையில் கோட்டுத்தடிமன் எழுத்துயரத்தின் பத்தில் ஒன்று. அங்கே கோடு மெல்லியது, உள்வெளி (எழுத்துக்குள் அடங்கும் வெள்ளை) தாராளம். அதனால் எந்தச் சிக்கலும் இல்லை. தடித்த வட்டமுனை பிற்பாடு காட்சி எழுத்தாக வந்தது. லெட்ராசெட் 1970-இல் வெளியிட்ட ஃபிராங்க்ஃபர்ட்டர், 1978-இன் ஹெல்வெட்டிகா ரவுண்டட், ஃபோக்ஸ்வாகனுக்காக 1979-இல் வந்த வாக் ரவுண்டட் ஆகியவை அந்த வரிசை. வாக் ரவுண்டட் பல ஆண்டுகள் ஆப்பிள் விசைப்பலகைகளின் எழுத்தாக இருந்தது. இவற்றைப் பார்த்துத் தமிழுக்குத் தடிமனை அப்படியே எடுத்து வருவதில்தான் தவறு தொடங்குகிறது. லத்தீன் எழுத்தில் ஓரெழுத்துக்குள் அடங்கும் கோடுகள் குறைவு. தமிழ் சுழியால் ஆனது.

பதிவு 4 · அச்சுமை

மூலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ட-வும் ப-வும் அதில்தான் கெடுகின்றன.

நடுக்கோடு மட்டும் வரைந்து, அதை 150-க்கு ஊதிப் பெருக்கும் வழக்கம் உண்டு. ஃபான்ட்ஃபோர்ஜில் ‘எக்ஸ்பாண்ட் ஸ்ட்ரோக்’, இங்க்ஸ்கேப்பில் ‘ஸ்ட்ரோக் டு பாத்’. இணைப்பை ‘ரவுண்ட்’ என்று வைத்தால் வெளிமூலை 75 ஆரத்தில் உருளும். உள்மூலையோ கூராகவே நிற்கும். மூலையில் மை தேங்கியது போல் ஒரு கனம் தெரியும். காரணம் எளிது. நடுக்கோட்டின் மூலைக்கே ஆரம் கொடுக்காமல் விட்டதுதான்.

நடுக்கோட்டு மூலையின் ஆரம் 115 என்றால், வெளி ஆரம் 115 + 75 = 190, உள் ஆரம் 115 − 75 = 40. இந்த 190/40 ஜோடி ட-வுக்கும் ப-வுக்கும் நன்றாக உட்காரும். உள் ஆரம் 60-ஐத் தாண்டினால் ப ஒரு கிண்ணமாகிவிடும், ட-வும் வளைந்த குழாய் போல் ஆகும். 25-க்குக் குறைந்தால் மற்ற எழுத்துகளோடு ஒட்டாது.

படுக்கைக் கோடு நிற்கும் கோட்டைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதையும் ஊதிப் பெருக்கும் முறை மறந்துவிடும். 150-க்கு 130–134. இல்லாவிட்டால் ட-வின் அடி தடித்து எழுத்தே உட்கார்ந்துவிடும். ஆகவே படுக்கைக் கோட்டின் முனை ஆரமும் 75 அல்ல, 66 தான். ஒரே மூடியை எல்லா முனைக்கும் பொருத்துபவர்கள் இதில் இடறுகிறார்கள். கிளிஃப்ஸில் முனையின் உருவை மூடி உறுப்பாக (கோட்டின் நுனியில் மாட்டும் தனித்துண்டாக) செய்து, கோட்டு அகலத்துக்குத் தானே பொருந்தும்படி வைத்தால் இந்த வேலை மிச்சம்.

ஊதியபின் செய்யும் வரிசை: மேற்படிவுகளை நீக்கு, வளைவின் மேல், கீழ், இட, வல எல்லைகளில் உச்சப்புள்ளிகளைச் சேர், ஆயத்தொலைவுகளை முழு எண்ணாக்கு. உச்சப்புள்ளி இல்லாத உருண்டை முனை சிறிய அளவில் கோணலாகத் தெரியும்.

பதிவு 5 · சுழியம்

இரண்டு பேருக்கும் நன்றி. முழுமுனைதான் தேவை. ஏ, ர, ட, ப புரிந்தது. ண-வும் இரட்டைக்கொம்பும் எப்படி? அவற்றில் நீட்ட எதுவுமே இல்லையே.

பதிவு 6 · கோட்டோவியன்

இரட்டைக்கொம்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் தப்பிக்க வழியே இல்லை.

அதன் சுழிகள் வழியே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழியுங்கள். நான்கு படுக்கைத் தடிப்புகளை அது வெட்டும். நான்கையும் 150 என்று வைத்தால் 600. உங்கள் எழுத்துயரமே 560. அதாவது முழுத்தடிமனில் இரட்டைக்கொம்பு வரையவே முடியாது. மேல்சுழி அடைந்ததில் வியப்பில்லை. அந்தத் தடிப்புகளை 100-க்கு இறக்குங்கள்: 400 போகும், 160 மிஞ்சும். கீழ்ச்சுழியின் உள்வெளி 55, இரண்டுக்கும் நடுவில் 50, மேல்சுழியின் உள்வெளி 55. இதுவே நெருக்கடிதான். கொம்பை மட்டும் 30–40 அலகு உயர்த்தி வரைந்தால் மூச்சு விடும். அருகில் நிற்கும் மெய்யின் தலையோடு கொம்பு சமமாக இருக்க வேண்டும் என்று கண் கேட்பதில்லை.

நிற்கும் பக்கங்களில் 135–140 வைத்துக்கொண்டால் கொம்பு மெலிந்ததாகத் தெரியாது. மெலிவு எல்லாம் படுக்கைத் திசையில் மட்டும்.

அடுத்து சுழிக்கணக்கு. பள்ளியில் சொல்வது போல் ன இரண்டு சுழி, ண மூன்று சுழி. கூடுதலான ஒரு சுழிக்கு ஒரு கோடும் ஓர் உள்வெளியும் தேவை. 126 தடிமன், 64 உள்வெளி என்றால் ண-வின் அகலம் ன-வைவிட 190 கூடித்தான் ஆக வேண்டும். அகலத்தைக் கொடுக்க மனமில்லாமல் உள்வெளியை நெருக்குபவர்கள்தான் ‘மணம்’ என்று அச்சிட்டு ‘மனம்’ என்று படிக்கவைக்கிறார்கள். ண அகலமான எழுத்து. அதை ஒப்புக்கொண்டு வரைய வேண்டும்.

தடிமனை எழுத்துக்கு எழுத்து மாற்றும் அளவு, உங்கள் 150-ஐ அடிப்படையாக வைத்து: ப, ட, ர, ய-வுக்கு 150. க, ச, த, ம, வ-வுக்கு 142–145. ன, ற, ள-வுக்கு 136–138. ண, ங, ஞ-வுக்கு 126–130. இ, ஐ, ஜ, ஸ, ஹ-வுக்கு 122–126. ஸ்ரீ, க்ஷ இரண்டும் 118 வரை இறங்கும்.

க, ச, த மூன்றிலும் தண்டும் குறுக்குக்கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கறுப்பு திரளும். அங்கே சேரும் கோட்டை, வெட்டுக்கு 60–70 அலகு முன்பிருந்தே 145-இலிருந்து 110-க்குக் குறுக்குங்கள். பத்து அலகு ஆழத்தில் ஒரு சிறு பள்ளமும் வெட்டலாம். பெரிதாகப் பார்த்தால் தெரியும், வாசிக்கும் அளவில் தெரியாது. பள்ளத்தின் அடியைக் கூராக விடுங்கள். வட்டமுனை எழுத்துரு என்பதால் உள்பள்ளத்தையும் உருட்டினால் பள்ளம் வெட்டிய பயனே போய்விடும்.

பதிவு 7 · அச்சுமை

> ஸ்ரீ, க்ஷ இரண்டும் 118 வரை இறங்கும்

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 150-க்குப் பக்கத்தில் 118 என்பது 21 விழுக்காட்டுக் குறைவு. உருண்டை முனையில் ஆரமும் 75-இலிருந்து 59-க்கு இறங்கிவிடுகிறது. சதுரமுனையில் மறைந்துபோகும் தடிமன் வேறுபாட்டை இங்கே நுனியே காட்டிக்கொடுக்கும். ஸ்ரீயை 124-இல் நிறுத்தி அகலத்தைக் கூட்டுவது நல்லது. தனியெழுத்தாக வருவதால் அகலம் யாரையும் உறுத்தாது.

பதிவு 8 · கோட்டோவியன்

நுனி காட்டிக்கொடுக்கும் என்பது சரிதான். அதற்கு இன்னொரு வழி: கோட்டை 118-இல் வைத்து, வெளியில் தெரியும் நுனிகளை மட்டும் கடைசி 80 அலகில் 130 வரை மெல்ல விரிப்பது. நுனிகள் மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகும், நெருக்கம் உள்ளேயே தீர்ந்துவிடும். ஆனால் மாறும் எழுத்துருவாக, அதாவது ஒரே கோப்பில் எடை நகரும் வேரியபிளாக, வெளியிடுவதென்றால் உங்கள் 124-தான் தொல்லை குறைவு.

புள்ளியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. வட்டமுனையில் புள்ளியும் வட்டம், கோட்டின் நுனியும் வட்டம். புள்ளியின் விட்டம் கோட்டுத்தடிமன் அளவே இருந்தால் சிறுத்துத் தெரியும். 110–112 விழுக்காடு தேவை, அதாவது 165–168. எழுத்தின் தலைக்கும் புள்ளிக்கும் இடையே குறைந்தது 55. அதைவிடக் குறைத்தால், ட்-டின் நுனியும் புள்ளியும் சேர்ந்து ஆச்சரியக்குறியைத் தலைகீழாக நிறுத்தியது போல் ஆகும். ட், ப்-புக்குப் புள்ளி நுனிக்கு நேர் மேலே வரக்கூடாது; ட்-டில் எழுத்தகலத்தின் நடுவை நோக்கி, ப்-பில் இரு தண்டுகளுக்கும் சரியாக நடுவில். இதற்கு நங்கூரப்புள்ளியை (புள்ளி வந்து உட்காரும் இடக்குறியை) எழுத்தெழுத்தாக வைக்க வேண்டும். நங்கூரத்தைத் தானியங்கியாக அகலத்தின் பாதியில் வைத்தால் ங், ஞ், ண் மூன்றிலும் தவறும்.

ஃ-இன் மூன்று புள்ளிகள் 115–120 விழுக்காடு. ஈ-யின் இரண்டும் அதற்கு எதிர்மாறு. கோடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதால் 85–90 விழுக்காடு போதும்.

பதிவு 9 · பலகைவேலை

குடையும் வேலைக்கு இந்த எழுத்துருவைக் கொண்டுவருபவர்களுக்காக.

நேர்வெட்டு ரௌட்டர் முனையின் விட்டம் 6 மி.மீ. என்றால், 6 மி.மீ. கோட்டை நடுக்கோட்டின் மேல் ஒரே ஓட்டத்தில் குடையலாம். நுனி தானே உருளும். உங்கள் எழுத்துருவில் 150 அலகு 6 மி.மீ.க்குச் சமம் என்றால் 1000 அலகு 40 மி.மீ. அப்போது கோட்டோவியன் சொன்ன 55 அலகு உள்வெளி 2.2 மி.மீ. அவ்வளவு மெல்லிய தீவு அக்ரிலிக்கில் நிற்கும். எம்.டி.எஃப். பலகையில் பிய்ந்துவிடும், மரத்தில் இழையோட்டம் குறுக்கே போனால் முனை தொட்டதுமே தெறிக்கும். மரத்துக்கு 3 மி.மீ. வேண்டும், அது 75 அலகு. இரண்டு வழி உண்டு: அளவைப் பெரிதாக்கி 1000 அலகை 55 மி.மீ. ஆக்குங்கள், அல்லது பலகைக்கென்று சுழிகளை விரித்த மாற்றுருக்களை ஸ்டைலிஸ்டிக் தொகுப்பில் (எழுத்துருவுக்குள் தேவைப்படும்போது மட்டும் இயக்கும் மாற்று வடிவங்களில்) வையுங்கள்.

கவனிக்க வேண்டியது: எழுத்துரு முழுக்க 150 அல்ல, ண-வில் 126, கொம்பில் 100. ஒரே முனையால் நடுக்கோட்டில் ஓட்டினால் எல்லாம் 150 ஆகிவிடும், மெலித்ததெல்லாம் வீண். வெளிக்கோட்டை உள்வாங்கி ஓட்டும் பாக்கெட் முறையும் 3 மி.மீ. முனையும்தான் சரி. கொம்பின் 100 அலகு 4 மி.மீ.; 3 மி.மீ. முனை உள்ளே நுழைந்து வரும். எழுத்தைப் புடைப்பாக விட்டுச் சுற்றிலும் குடைந்தால், க, ச, த-வில் வெட்டிய பள்ளத்தின் கூர்மையை 3 மி.மீ. முனை எடுக்காது, 1.5 மி.மீ. ஆரம் வந்தே தீரும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எழுத்தை முழுவதும் அறுத்தெடுப்பதென்றால் ஒவ்வொரு சுழியின் உள்தீவும் தனியாக விழும். தமிழில் தீவு இல்லாத எழுத்துகள் குறைவு. ட, ப, ய, ர போன்றவை தப்பிக்கும். எழுத்தைப் பலகையில் துளையாக விடும் வேலைக்கு ஒவ்வொரு சுழியிலும் பாலம் வேண்டும். பாலத்தைச் சுழியின் அடியில் வைத்தால் எழுத்து கெடாது, பக்கவாட்டில் வைத்தால் சுழி ‘திறந்ததாக’ வாசிக்கப்படும்.

வினைல் வெட்டில் உருண்டை முனைகள் நல்லது. கூர்மூலைதான் முதலில் உரியும். ஆனால் ஸ்கேன் செய்து தானாக வரியுருவாக்கிய வடிவங்களில் ஒரு முனைக்கு முப்பது நாற்பது புள்ளிகள் இருக்கும். கத்தி தத்தித் தத்திப் போய் விளிம்பு ரம்பப்பல்லாகும். அரைவட்ட முனைக்கு மூன்று புள்ளி போதும்: தொடக்கம், உச்சம், முடிவு.

எம்பிராய்டரிக்கும் கேட்பார்கள். சாட்டின் தையலில் கோட்டு அகலம் 7 மி.மீ.க்கு மேல் போனால் நூல் தளர்ந்து கொக்கியில் மாட்டும். உருண்டை நுனியில் தையல் போகப்போகச் சுருங்கி 1 மி.மீ.க்குக் கீழே வந்தால் நூல் அறும், துணியும் ஓட்டையாகும். நுனியின் கடைசித் தையல்களை நீக்கி, கொஞ்சம் தட்டையாக முடியுங்கள். நூலின் பருமனே அதை உருட்டிக் காட்டும்.

பதிவு 10 · திரைப்புள்ளி

திரைக்கு ஒரு கணக்கு. 16 பிக்சல் அளவில் 150 அலகு கோடு 2.4 பிக்சல். முனை ஆரம் 1.2 பிக்சல். உருண்டை முனை இருப்பதே தெரியாது, விளிம்பு மங்கியது போல் மட்டும் தோன்றும். 55 அலகு உள்வெளி 0.9 பிக்சல், சாம்பல் நிறமாகிவிடும். 28–30 பிக்சலில் அது 1.6 பிக்சலை எட்டுகிறது; அங்கிருந்துதான் கே, கெ இரண்டும் நம்பகமாகப் பிரியும். அடர்த்தி இரட்டிப்பான திரைகளில் 16-ஐயே 32 ஆக வரைவதால் தாங்கும். ஆனால் எல்லார் கையிலும் அந்தத் திரை இருக்காது. பொத்தானில் 16–18 பிக்சல் தமிழ் வேண்டுமென்றால் இதே குடும்பத்தில் 95–105 தடிமனுள்ள நடுத்தர எடை ஒன்று வரையுங்கள். தடித்ததைச் சுருக்கிப் போடாதீர்கள்.

பொத்தானில் இன்னொரு இடர் செங்குத்து இடம். தடித்த எழுத்துருவில் கீ-யின் தலையும் கூ-வின் அடியும் சதுரமுனை எழுத்துருவைவிட வெளியே போகும். லத்தீனுக்கு அளந்து செய்த 1.2 வரியுயரத்தில் புள்ளி வெட்டுப்படும். 1.4 வையுங்கள், ஸ்ரீ வரும் இடத்தில் 1.5. எழுத்துருவின் உள்ளே ஏற்ற இறக்க அளவுகளை (வரியின் மேல், கீழ் எல்லைகளை), அவை பதியப்படும் மூன்று இடங்களிலும் (hhea, typo, win) ஒரே எண்ணாக எழுதுங்கள். ஒன்று மாறினாலும் ஓர் இயங்குதளத்தில் சரியாகவும் இன்னொன்றில் மேலேறியும் தெரியும்.

ஹின்டிங் (சிறிய அளவில் கோடுகளைத் திரையின் பிக்சலோடு பொருத்துவது) செய்பவர்களுக்கு: சீரமைப்பு மண்டலங்களில் ஓவர்ஷூட்டையும் சேருங்கள். சதுரமுனையில் தட்டை விளிம்பு ஒன்று மண்டலத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஒற்றை உச்சப்புள்ளிதான் இருக்கிறது. அது மண்டலத்துக்கு வெளியே 1 அலகு நின்றாலும் ப ஒரு பிக்சல் உயர்ந்துவிடும்.

வேரியபிள் என்ற பேச்சு வந்ததால்: முனையை வடிகட்டியால் உருட்டி ஏற்றுமதி செய்யும் வழி அங்கே உடையும். வேரியபிள் எழுத்துரு, மெல்லியது, தடித்தது என்ற மூலவரைவுகளுக்கு இடைப்பட்ட எடைகளைக் கணக்கிட்டுத் தருகிறது. மெல்லிய மூலவரைவில் ஆரம் 20, தடித்ததில் 75; வடிகட்டி ஒன்றில் மூன்று புள்ளியும் இன்னொன்றில் நான்கும் போட்டுவிட்டால் இடையீடு நின்றுவிடும். முனைகளை எல்லா மூலவரைவிலும் கையால், ஒரே எண்ணிக்கையில் வரைந்து வையுங்கள். உருட்சியையே ஓர் அச்சாக்கவும் செய்யலாம். கூகுள் ஃபான்ட்ஸ் பதிவேட்டில் ‘ரவுண்ட்னெஸ்’ அச்சு 0 முதல் 100 வரை இருக்கிறது. ஆனால் தமிழுக்கு 0-விலும் 100-இலும் ஏ-யின் கால் ஒரே நீளம் இருக்க முடியாது. ஆரம் கூடக்கூடக் காலும் நீள வேண்டும், அதுவும் அதே அச்சில் ஏற வேண்டும்.

பதிவு 11 · சுழியம்

கால்களை 180-க்கு நீட்டி, கொம்பின் தடிப்பை 100-க்கு இறக்கியதில் எரி/ஏரி, கெடு/கேடு பிரிந்துவிட்டன. இடைவெளி மட்டும் இன்னும் சரியில்லை. பழைய பக்க இடைவெளிகளையே விட்டிருக்கிறேன். சொற்கள் கலைந்து தெரிகின்றன.

மேல்விலங்கும் ஒரு கேள்வி: வி, வீ இரண்டும் 24 பிக்சலில் ஒன்றாகத் தெரிகின்றன.

பதிவு 12 · நுனிவட்டம்

கலைந்து தெரிவது எதிர்பார்த்ததே. முனைகளை உருட்டியதும் ஒவ்வொரு தண்டின் மேலும் கீழும் வெள்ளை கூடியிருக்கிறது. பழைய இடைவெளியில் 8–12 அலகைப் பக்கத்துக்குப் பக்கம் குறையுங்கள். ப-வின் உள்வெளி 240 என்றால் அதன் பக்க இடைவெளி 62–66, வளைந்த பக்கமுள்ள ஒ, வ-வுக்கு 40–44. துணைக்காலின் இடப்பக்கம் 30 போதும், அது முன்னெழுத்தோடு சேர்ந்தே வாசிக்கப்பட வேண்டும். ஒற்றைக்கொம்பின் வலப்பக்கமும் அப்படியே. கொம்பு தன் மெய்யை ஒட்டி நிற்க வேண்டும். முந்தைய எழுத்தின் பக்கம் போய்விட்டால் சொல்லே பிரிந்துவிடும்.

கெர்னிங்கில் (குறிப்பிட்ட எழுத்து ஜோடிகளின் இடைவெளியைத் தனியாகச் சரிசெய்வதில்) தமிழுக்கு முக்கியமானவை சில ஜோடிதான்: ர, ஏ ஆகியவற்றின் நீட்டிய கால் அடுத்து வரும் கு, கூ, து, சு போன்ற இறங்கும் எழுத்துகளோடு மோதும் இடங்கள், ட-வின் திறந்த வலப்பக்கத்துக்கு மேலே காலியாக நிற்கும் வெள்ளை. ‘டப’, ‘டவ’ −20 வரை போகலாம். ‘டட’வில் −10-க்கு மேல் இறங்காதீர்கள், முதலாவதன் உருண்டை நுனி இரண்டாவதன் தண்டில் குத்தும்.

விலங்குக்கு: வீ-யின் சுழியின் உள்வெளியை அளந்து பாருங்கள். 40-க்குக் கீழே இருந்தால் அடைவது உறுதி. 60 வேண்டும். அதற்கு விலங்கின் தடிமனை 115 ஆக்கி, சுழியை எழுத்தின் மேல் படுக்கவைக்காமல் வலப்புறம் வெளியே தள்ளுங்கள். விலங்கின் வளைவுக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே 50. விலங்கு தண்டோடு சேரும் இடத்தில் உருண்டை வேண்டாம். இணைப்பு நேராகப் போய்ச் சேரட்டும், நுனி மட்டும் உருளட்டும். டி, டீ இரண்டும் தனி வரியுரு என்பதால் அவற்றைத் தனியாகத் திருத்த வேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் இவைதான்.

பதிவு 13 · கோட்டோவியன்

எங்கே பயன்படுத்தலாம் என்பதில் என் எண்ணம்.

ஒன்று முதல் நான்கு சொல் வரும் இடம் இதன் வீடு: தலைப்பு, பொதியுறை, பெயர்ப்பலகை, சின்னம், விளையாட்டுச் செயலி. எண்களுக்கும் நன்று, ஆனால் 3, 6, 9 மூன்றின் திறப்புகளையும் இன்னும் 15–20 அலகு திறந்துவைக்க வேண்டும். உருண்டை நுனி திறப்புக்குள் நீட்டிக்கொண்டு 6-ஐ 8 ஆக்கிவிடும். விலையோ பேருந்து எண்ணோ தவறாகப் படிக்கப்பட்டால் அது அழகுப் பிரச்சினை அல்ல.

பத்தி உரைக்கும், மருந்துக் குறிப்புக்கும், எச்சரிக்கைப் பலகைக்கும் வேண்டாம். எச்சரிக்கைக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் மென்மை மட்டுமல்ல. தொலைவில் மங்கும்போது உருண்டை நுனிகள் முதலில் கரைந்து ர-வும் துணைக்காலும் கலக்கும். இரவில் பின்னொளிப் பலகையில் ஒளி கசிந்து உள்வெளிகள் அடையும். பின்னொளிக்கும் கருமையின்மேல் வெள்ளை அச்சுக்கும் ஒரு படி மெல்லிய எடையையும் 15–20 அலகு கூடுதல் எழுத்திடைவெளியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து வரைய நேரமில்லாதவர்கள் எக் டைப்பின் ‘பலூ தம்பி’யைப் பாருங்கள். தடித்த, உருண்ட, தமிழுக்கென்றே வரைந்த காட்சி எழுத்துரு. ‘பலூ தம்பி 2’-இல் 400 முதல் 800 வரை ஐந்து எடைகள். திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் திருத்தலாம். திருத்தியதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், எழுத்துருவைத் தனிப்பொருளாக விற்கக்கூடாது, ஒதுக்கப்பட்ட பெயர் அறிவிக்கப்பட்டிருந்தால் பெயரை மாற்ற வேண்டும். அதில் கொம்பு எப்படி மெலிந்திருக்கிறது, சுழிகளின் உள்வெளி எங்கே விரிந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

பதிவு 14 · அச்சுமை

சோதிக்க வேண்டிய சொற்களை இங்கேயே வைத்துவிடுகிறேன். 18, 24, 36 பிக்சலிலும், தாளில் 14, 20, 32 புள்ளியிலும், கறுப்பில் வெள்ளையாகவும் வெள்ளையில் கறுப்பாகவும் ஓட்டுங்கள்:

எரி ஏரி · ஒடு ஓடு · கெடு கேடு · தொடு தோடு · விடு வீடு · பனி பணி · மனம் மணம் · ஊன் ஊண் · கரம் காரம் · பரம் பாரம் · குடி கூடி · புரி பூரி · ஈட்டி · எஃகு · ஜூலை · ஸ்ரீ · ஔடதம்

ஜோடிகளைச் சேர்த்துக் காட்டாதீர்கள். பக்கத்தில் மற்றது இருந்தால் கண் ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடும். கலைத்து, ஒவ்வொன்றாக, ஒரு நொடி மட்டும் காட்டி எழுதச் சொல்லுங்கள். எந்தச் சொல் தவறுகிறதோ அந்த எழுத்தின் உள்வெளியை அளந்து, 5 அலகு 5 அலகாகத் திறந்துவிடுங்கள். அச்சில் மை பரவி உள்வெளியின் இருபுறமும் 0.05 மி.மீ. எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், 14 புள்ளியில் 55 அலகு 0.27 மி.மீ. ஆக வரைந்தது 0.17 ஆகத்தான் தாளில் நிற்கும். கே அந்த அளவில் தவறினால் அது வரைவின் பிழையல்ல, அளவின் பிழை; எழுத்துருவின் குறிப்பில் ‘20 புள்ளிக்கு மேல்’ என்று எழுதிவிடுங்கள்.

பதிவு 15 · சுழியம்

ஓட்டியதில் ‘ஔடதம்’ மட்டும் 24 பிக்சலில் ‘ஒளடதம்’ என்று படிக்கப்படுகிறது. மற்றவை நின்றன.

பதிவு 16 · நுனிவட்டம்

ஔ-வின் பின்பாதியை ள-வின் 82–85 விழுக்காடு உயரத்துக்குக் குறைத்து, ஒ-வுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை 20–25 அலகாக ஒடுக்குங்கள். சுருக்கும்போது தடிமனும் சுருங்கும். 136 ஏறத்தாழ 112–116 ஆகிவிடும், அதை மறுபடி 128 வரை ஏற்றிவிடுங்கள். கௌ, மௌ போன்றவற்றில் வரும் கொம்புக்காலுக்கும் இதே உருவை வைத்துக்கொள்ளலாம்.